2024–25 ஆண்டறிக்கை: நமது அறக்கட்டளையின் செயலாளர் பொதுக்குழுவுக்கு எழுதியது

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஏழு முறை கூடியது. பென்னாகரத்தில் கண் பரிசோதனை முகாம், அரூரில் நோட்டுப் புத்தகம் வழங்குதல், பொங்கல் சந்திப்பு மூன்றும் வழக்கம்போல நடந்தன. மறைந்த இரண்டு உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி நான் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நகைக்கடன் கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இது வங்கி இல்லை என்று சொன்னதும், "அப்போ ஏங்க எல்லாரும் பேங்க்காரங்களாவே இருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலானோர் அதியமான் கிராம வங்கியில் கணக்கெழுதியவர்கள், சித்தேரி மலைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய்க் கடன் கொடுத்துத் திரும்ப வசூலித்தவர்கள். 2006இல் அந்த வங்கி வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் ஆனது, 2019இல் பாண்டியனும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. நாம் வேலை பார்த்த பெயர்ப்பலகை இன்று எங்கும் இல்லை. நாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த மூலநிதி மட்டும் இருக்கிறது, அதன் வட்டியில்தான் பிள்ளைகளின் கல்விக்கு உதவுகிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.54 சதவீதம். நம் வேலை என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் வங்கிப் பழக்கம் லேசில் போவதில்லை. மூலநிதியை உறுப்பினர்களுக்கே ஒரு ரூபாய் வட்டிக்குக் கடனாகக் கொடுத்தால் நிரந்தர வைப்பைவிடக் கூடுதலாக வருமே என்று ஜூன் கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்லெண்ணத்தில் கேட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அறக்கட்டளைப் பணத்தை எதில் போடலாம் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு பட்டியலே போட்டிருக்கிறது: வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் என்று போகிற அந்தப் பட்டியலில் உறுப்பினருக்குக் கைமாற்று கிடையாது.

இத்தாலியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தபோது அன்று சிலருக்குப் பொறுமை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே ஊர் ஊராக இருந்த சேமிப்பு வங்கிகள் வங்கித் தொழிலும் செய்தன, தர்மமும் செய்தன. 1990இல் ஒரு சட்டம் போட்டு இரண்டையும் பிரித்தார்கள்: வங்கி தனிக் கம்பெனி, தர்மம் தனி அறக்கட்டளை. அந்த அறக்கட்டளைகளில் எதற்குச் செலவு செய்வது என்று திசை சொல்கிற குழு வேறு, நிர்வாகம் செய்கிற குழு வேறு, கண்காணிக்கிற குழு வேறு. ஒருவரை எந்த அமைப்பு நியமித்ததோ அதற்காக அவர் பேசக்கூடாது, அறக்கட்டளைக்காகத்தான் பேச வேண்டும். ஆனால் சியனா நகரத்து அறக்கட்டளை தன் சொத்தில் பெரும்பங்கை 1472இல் தொடங்கிய தன் பழைய வங்கியின் பங்கிலேயே வைத்திருந்தது. அந்த வங்கி சரிந்ததும் அறக்கட்டளையின் சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 2015இல் அரசுக்கும் இந்த அறக்கட்டளைகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு வந்தது. மொத்த சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, பதவிக்காலம் நான்கு ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது என்றார்கள். நம் மூலநிதி முழுவதும் ஒரே கிளையில் கிடக்கிறது, வைப்புக் காப்பீடோ ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான். இதையெல்லாம் வைத்துத்தான் புதிய விதிகள் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். மூன்று மாதம் இரவு உட்கார்ந்து செய்த வேலை அது. படித்துக் கருத்து எழுதியவர்கள் நான்கு பேர்.

உதவித்தொகைத் தேர்வில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு செயற்குழு உறுப்பினரின் பேத்தி விண்ணப்பித்திருந்தாள். நல்ல மதிப்பெண், வீட்டில் கஷ்டமும் உண்மை. ஆனால் அதே வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி நிர்வாகிகளின் பேரன் பேத்திக்கு அறக்கட்டளைப் பணம் போனால் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி, அதற்கு மேல் அந்தத் தொகை முழுவதற்கும் சமமான அபராதமும் விதிக்கலாம், மறுபடியும் செய்தால் அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு. விண்ணப்பத்தை நிறுத்தினேன். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் மூன்று பேர் சொந்தப் பணத்திலிருந்து கட்டணம் கட்டினோம், இது வரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த உறுப்பினரும் அவரோடு நான்கு பேரும் அன்றிலிருந்து கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, வராதது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வராதவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோனவர்களின் நிலைமை புரிகிறது. ஆனால் தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்களும் வருவதில்லை. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் இரண்டு கூட்டம் ஒத்திப்போனது, விதிகள் அதனால்தான் இன்னும் நிறைவேறவில்லை. சந்தா பாக்கி பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. வருடத்துக்கு முந்நூறு ரூபாய். வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் தவணை கேட்டவர்கள் நாம், நமக்குள்ளேயே கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டேன்.

கணக்கு: வரவு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு ஏறக்குறைய அதேதான். வருமானத்தில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் நோக்கத்துக்கே செலவிட்டிருக்கிறோம், மூலநிதியில் கை வைக்கவில்லை. தணிக்கை முடிந்தது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் தணிக்கையாளருக்கும் முகாமுக்கு மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், இதே வட்டியையும் இதே சந்தாவையும் வைத்து இப்போது உதவுகிற பிள்ளைகளில் சிலரை நிறுத்த வேண்டி வரும். பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி நர்சிங் மூன்றாம் ஆண்டு போகிறாள், அவள் பெயர் பட்டியலில் கடைசியில் இருக்கிறது. அதை அடிக்கச் சொன்னால் என்னால் முடியாது, வேறு ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வந்து அடிக்கட்டும். விதிகளின் நகல் அலுவலக மேசையில் இருக்கிறது, ரசீது புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர், தர்மபுரி