பாட்டின் பெயர் போதாது, பதிவைச் சொல்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை பெங்களூரில் உன் வீட்டில் எட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு ஜாஸ் பதிவு கொண்டுவந்து கேட்கப்போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முதல் தடவை சரியாக அமையவில்லை, நாலு பேர் ‘டேக் ஃபைவ்’தான் கொண்டுவந்தார்கள், அரை மணியில் பேச்சு வீட்டு வாடகைக்குப் போய்விட்டது என்றும் எழுதியிருந்தாய். வந்தவர்கள் மேல் குறை இல்லை, கண்ணு. கேட்பதற்கு ஒரு பிடி கொடுக்காமல் பாட்டைப் போட்டால் யாருக்கும் கவனம் நிற்காது. அந்தப் பிடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் விஷயம்: பாட்டின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு யாரும் வரக்கூடாது. இங்கே ஷண்முகானந்தாவில் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் ‘தோடி நன்றாக இருந்தது’ என்று நிறுத்துவார்களா? யார் பாடினது, எந்தக் கீர்த்தனை, எந்த வரியில் நிரவல், மிருதங்கம் யார் என்று ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கொண்டு போவார்கள். ஜாஸில் இது இன்னும் அவசியம். சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ எடுத்துக்கொள். தொடக்கத்தில் கொஞ்சம் மெட்டின் சாயல் தெரியும். அப்புறம் மெட்டைத் தேடினாலும் கிடைக்காது. அடியில் ஓடும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று, 64 பார் (ஒரு பார் என்றால் நான்கு எண்ணிக்கை), மூன்று நிமிடத்துக்குள் புதிதாக ஒன்றைக் கட்டிவிடுகிறார். அதே பாட்டை பில்லி ஹாலிடே 1940இல் பாடியிருக்கிறார். அவர் வார்த்தையை விடமாட்டார், ஆனால் அதைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் போடு. ‘எனக்குப் பாடி அண்ட் சோல் பிடிக்கும்’ என்று சொன்னால் எதையும் சொன்னதாகாது என்பது அங்கே எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அதனால் ஒவ்வொருவரும் ஒரு சின்னச் சீட்டு எழுதி வரட்டும். பதிவான தேதி அல்லது வருடம், ஊர், யார் என்ன வாசித்தார்கள், எத்தனை நிமிடம், ஒரே பாட்டை ஸ்டூடியோவில் பல தடவை வாசித்த மாற்று டேக் இருந்தால் இது எந்த டேக். மொபைல் ஆப் காட்டுகிற வருடத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள், கவனம். பல சமயம் அது மறுபதிப்பின் வருடமாக இருக்கும். 1928இன் பதிவுக்குப் பக்கத்தில் 2000க்குப் பிந்தைய வருடம் நிற்கும். ஆல்பத்தின் நடுவிலேயே மாற்று டேக்குகளைச் செருகியிருப்பதும் உண்டு. ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் முதலிலேயே அணைத்துவிடு. கிராஸ்ஃபேட் இருந்தால் ஒரு பாட்டின் கடைசி சிம்பல் (டிரம்ஸின் பித்தளைத் தட்டு) ஓசை கரைவதற்குள் அடுத்தது மேலே வந்து விழும்.

நேரக் கணக்கு: பத்து நிமிடத்துக்குள் ஒரு பதிவு, ஐந்து நிமிடம் பேச்சு. எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம். காபி நடுவில் ஒரே தடவை. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ மாதிரி நான்கு பகுதியும் சேர்ந்து ஒன்றாக நிற்கிறதைத் துண்டு போடாதே; சுமார் 33 நிமிடம் ஆகும், அதற்கென்று ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவிடு. பேச்சைத் தொடங்கும்போது ‘பிடித்ததா’ என்று கேட்காதே. பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்துபோகும். ‘எந்த இடத்தில் தாளம் கைவிட்டுப் போச்சு?’ என்று கேள். ஆளுக்கொரு இடம் சொல்வார்கள், உடனே அந்த அரை நிமிடத்தைத் திரும்பப் போடலாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, முதல் பாட்டு ‘ஸோ வாட்’. எல்லாரும் கேட்டதுதானே என்று தயங்காதே. எண்ணிக் கேட்டவர்கள் குறைவு. 1959 மார்ச் 2, நியூயார்க்கில் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியின் 30ஆவது தெரு ஸ்டூடியோ. ட்ரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸ் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸ் கேனன்பால் ஆடர்லி, பியானோ பில் எவன்ஸ், பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப்.

உனக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தது இங்கே கைகொடுக்கும். சுருதி இரண்டு கட்டை. ஸ்வரங்கள் நம் கரஹரப்ரியாவின் ஸ்வரங்களேதான். கமகம் இருக்காது, ராக பாவத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் வீட்டைச் சுற்றிப்பார்க்கச் சாவி கிடைத்துவிடும். ஆதி தாளம் போட்டு ஒரு எண்ணிக்கைக்கு ஒரு அட்சரமாக எண்ணினால், எட்டு ஆவர்த்தனம் இரண்டு கட்டையில் ஓடும். ஒன்பதாவதில் சுருதியே அரைக் கட்டை ஏறி இரண்டரைக்குப் போய்விடும். அங்கே நான்கு ஆவர்த்தனம். பிறகு இறங்கி வந்து நான்கு. மொத்தம் பதினாறு, அவர்கள் கணக்கில் 32 பார். இதே சுற்று கடைசி வரை திரும்பத் திரும்ப வரும். சுருதி ஏறும்போது கையைத் தூக்கச் சொல், இறங்கும்போது கீழே விடச் சொல். முதல் தடவை பாதிப் பேர் தப்பாகத் தூக்குவார்கள். மூன்றாவது சுற்றில் எல்லார் கையும் ஒன்றாக எழும், பார்த்துக்கொண்டே இரு.

தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளம் இல்லாமல் கொஞ்சம் உலாவும். பிறகு பேஸ் கேள்வி போடும், மற்ற வாத்தியங்கள் ‘ஸோ வாட்’ என்று இரண்டே அடியில் பதில் சொல்லும். மைல்ஸின் முறை ஆரம்பிக்கும் இடத்தில் காப் சிம்பலில் ஒரு அடி கொடுப்பார். அந்த ஒலி விரிந்து பரவி அடங்குவதற்குள் ட்ரம்பெட் உள்ளே வந்துவிடும். அந்த இரண்டு மூன்று நொடிக்காகவே ஒலியைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். மைல்ஸ் இரண்டு சுற்று, அதிகமும் இடைவெளி. கோல்ட்ரேன் இரண்டு சுற்று, அந்த இடைவெளியை எல்லாம் நிரப்பிவிடுவார். கேனன்பால் இரண்டு, பேச்சுக் குரலில் சிரித்துக்கொண்டு சொல்வது போல. எவன்ஸ் ஒரே சுற்று. ஸ்டீரியோவில் கோல்ட்ரேன் இடப்பக்கம், கேனன்பால் வலப்பக்கம். இரண்டு சாக்ஸபோனும் குழம்புகிறவர்களுக்கு இது போதும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் போய்விடும். பேஸும் போய்விடும். டபுள் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அது எட்டாது. ஜாஸில் பேஸ் கேட்கவில்லை என்றால் தரை இல்லாத அறைதான். இரண்டு ஸ்பீக்கரை ஆறடி தள்ளி வை, சுவரோடு ஒட்டாதே.

தம்புரா ஆப்பை இரண்டு கட்டையில் வைத்து இதைக் கேட்டால் சில பதிப்புகளில் சுருதி சேராது, கிட்டத்தட்ட கால் கட்டை தூக்கலாக நிற்கும். உன் டர்ன்டேபிளைச் சந்தேகப்படாதே. மார்ச் 2 அன்று ஓடிய முக்கிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பிடித்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அப்படியே முப்பது வருடத்துக்கும் மேல் விற்றன. அன்றைக்கே கூட ஓடிய இரண்டாவது மெஷினின் டேப்பைக் கொண்டு 1992 பதிப்பில்தான் திருத்தினார்கள். சோதிக்க ஒரு வழி: இரண்டாவது பக்கத்தைப் போட்டுப் பார். அது ஏப்ரல் 22 அன்று வாசித்தது, சுருதி சரியாக இருக்கும். முதல் பக்கம் மட்டும் தூக்கலாக இருந்தால் பழைய பதிப்பு. இரண்டு பக்கமும் விலகினால்தான் உன் மெஷினின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

‘டேக் ஃபைவ்’ கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பாதே. டேவ் ப்ரூபெக் குழு 1959இல் பதிவு செய்தது, இயற்றியவர் சாக்ஸ் வாசித்த பால் டெஸ்மண்ட். ‘தகிட தக’ என்று ஐந்தாகச் சொல்லிக் கேட்டால் பியானோ அதை விடாமல் பிடித்திருப்பது தெரியும். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ப்ளூ ராண்டோ ஆ லா டர்க்’ அதைவிட நமக்கு நெருக்கம்: ‘தக தக தக தகிட’ மூன்று தடவை, நான்காவது தடவை ‘தகிட தகிட தகிட’. கணக்கு ஒன்பதேதான், பிரிப்புதான் மாறுகிறது. 1958இல் பயணம் போனபோது இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து ப்ரூபெக் எடுத்தது. அதே பயணத்தில்தான் இந்தியாவுக்கும் வந்தார்.

அடுத்த மாதத்துக்கு டியூக் எல்லிங்டன், 1956 ஜூலை 7, அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா. ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’வின் நடுவில் டெனர் சாக்ஸ் பால் கான்சால்வெஸ் 27 சுற்று வாசிக்கிறார். சுற்றுக்கு 12 பார், நம் ஆதியில் ஆறு ஆவர்த்தனம். 27 சுற்றுக்கு 162. முதல் நான்கு பார் ஆதார ஷட்ஜத்தில், அடுத்து மத்யமத்துக்குப் போய்த் திரும்பி, கடைசி நாலில் பஞ்சமத்தைத் தொட்டு இறங்கும், இதுதான் ப்ளூஸின் எலும்பு. பத்து சுற்று தாண்டியதும் கூட்டத்தின் சத்தம் ஏறும். இங்கே பதிப்பு ரொம்ப முக்கியம், பாப்பா. கான்சால்வெஸ் தவறான மைக்கில் வாசித்துவிட்டார். அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவின் மைக். அதனால் கொலம்பியாவின் பழைய எல்.பி.யில் (நீண்ட நேரம் ஓடும் வினைல் ரெக்கார்டில்) அவர் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல இருக்கும். அந்த எல்.பி.யில் பல பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலைச் சேர்த்தது. பிறகு ரேடியோவின் டேப் கிடைத்து, இரண்டு டேப்பையும் இணைத்து 1999இல் வெளியிட்ட இரண்டு சி.டி. பதிப்பில்தான் அவர் எதிரில் வந்து நிற்பார். அதையே வாங்கு.

அதற்கடுத்து பில் எவன்ஸின் மூவர் குழு, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப், 1961 ஜூன் 25. கண்ணாடி டம்ளர் சத்தம்கூடக் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரே நாளில் கார் விபத்தில் போய்விட்டார். அவர் பேஸ் பின்னால் நிற்கவே நிற்காது, பியானோவோடு சரிக்குச் சரியாகப் பேசும். ராத்திரி கடைசியில் போடு.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒருவர் கொண்டுவரட்டும். தாஜ் ஹோட்டலில் வாசித்த கோவாக்காரர்களில் ட்ரம்பெட் சிக் சாக்லேட் முக்கியமானவர், சி. ராமச்சந்திரா இசையமைத்த 1951 ‘அல்பேலா’வில் தன் குழுவோடு திரையிலேயே தெரிவார். ஹிந்திப் பாட்டுக்கு அடியில் அந்தப் பித்தளை வாத்தியங்கள் எப்படி ஸ்விங் ஆகின்றன என்று கேட்க அது நல்ல இடம்.

ரெக்கார்டு வாங்குவதைப் பற்றி. காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடியபின் சோர் பஜார் மட்டன் தெருதான் எனக்குக் கதி. வெள்ளிக்கிழமை அந்தக் கடைகள் அடைப்பு. உன் ஊரில் எங்கே வாங்கினாலும் ரெக்கார்டை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார். நகம் தடுக்குகிற கீறல் இருந்தால் வேண்டாம். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பல நூறு தடவை ஓடியது என்று அர்த்தம். 1957க்கு முந்தைய பதிவின் அட்டையில் ஸ்டீரியோவுக்கு மின்னணு முறையில் மாற்றியது என்று போட்டிருந்தால் வைத்துவிடு. மேல் ஸ்தாயி ஒரு பக்கமும் கீழ் ஸ்தாயி மறுபக்கமும் ஒதுங்கி, நடுவில் எதிரொலி சேர்த்திருப்பார்கள். மோனோவாகவே தேடு.

துடைக்க ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, அதற்கு மேல் கூடாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு படிந்து கரகரக்கும். மைக்ரோஃபைபர் துணியால் வளையத்தோடு சுற்றித் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அரை மணி நேரம் நிறுத்திக் காயவை. வினைல் ரெக்கார்டில் விடாப்பிடி அழுக்குக்குக் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ரெக்கார்டுகளான 78களில் ஒரு சொட்டும் படக்கூடாது. அவை அரக்கு. தச்சர் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து மேசைக்குப் பாலிஷ் போடுவாரே, அதே வேலை உன் ரெக்கார்டில் நடந்துவிடும். 78க்கு முள்ளும் வேறு: அதன் நுனி எல்.பி. முள்ளைப்போல மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. முள்ளைப் போட்டால் குழியின் அடியில் கிடந்து இரைச்சலை மட்டும் எடுக்கும். முள் தாவுகிறதென்று முள் இருக்கும் தலைப்பகுதியின் மேல் நாணயம் வைக்கிறார்கள், வைக்காதே. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் கேட்பது இரண்டு கிராம் அளவு எடை, ஒரு ரூபாய் நாணயமே மூன்று கிராமுக்கு மேல்.

அடுத்த வாரம் உத்யான் எக்ஸ்பிரஸில் அத்தை வரும்போது ஆறு எல்.பி. கொடுத்துவிடுகிறேன். ரெக்கார்டுகளை அட்டைக்கு வெளியே எடுத்துத் தனி உறையில் வைத்திருப்பேன், உள்ளேயே இருந்தால் ஆட்டத்தில் அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். வந்ததும் எண்ணிப் பார்த்து, நிமிர்த்தி அடுக்கு, படுக்க வைக்காதே. ஸ்டேஷனுக்கு மறக்காமல் போ, ஜன்னலோர வெயிலில் பை இல்லாமல் பார்த்துக்கொள்ள அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா