பில்லில் ஜிபியையும் எழுதுங்கள்: ரிச்சி தெரு கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் கணினி சாமான் விற்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். 2007-இல் கல்லூரிப் பையனாக வந்து, கேம் படங்களைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன்: ஜீபோர்ஸ் 8600 ஜிடி. 2014-இல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ. 60 வாட்தான் இழுக்கும், தனியாகப் பவர் கேபிளும் வேண்டாம். என்னிடம் இருந்த மட்டமான பவர் சப்ளைக்கு அது வரம் மாதிரி வந்தது. 2017-இல் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி (கார்டிலேயே இருக்கும் நினைவகத்தின் அளவு). மூன்றும் என்விடியா. மூன்றும் நன்றாக உழைத்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனை வருடமும் கவுன்டரில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "என்விடியாவா, ஏஎம்டியா?" இரண்டும் கார்டுக்குச் சிப் செய்யும் போட்டிக் கம்பெனிகள். நானும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அப்பா எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டாரோ அதே சின்னத்தில் மகனும் குத்துவது போலத்தான். பச்சைக் கட்சி (என்விடியா), சிவப்புக் கட்சி (ஏஎம்டி) என்று நண்பர்களோடு விடியவிடியச் சண்டை போட்டதும் உண்டு. அந்தச் சண்டையில் நான் எடுத்து வீசிய பாதி விஷயம் உங்கள் கவுன்டரில் காதில் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை ஏஎம்டி வாங்கினேன். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. கேட்ட உடனே கடைக்காரர் முகம் மாறியது. "சார், நீங்க எப்பவும் என்விடியாதானே? இது டிரைவர் பிரச்சினை பண்ணும், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது" என்றார். டிரைவர் என்பது கார்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். அவர் பொய் சொல்லவில்லை. 2019-இல் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வந்தபோது பலருக்கு ஆட்டத்தின் நடுவே திரை கறுத்துப்போனது. அதைச் சரிக்கட்ட ஏஎம்டிக்கு மாதக்கணக்கில் ஆனது. 2023 அக்டோபரில் ஆன்டி-லேக் பிளஸ் என்று, தாமதத்தைக் குறைக்கும் வசதி ஒன்றை டிரைவரில் சேர்த்தார்கள். கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்ற கேம் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டு ஆடியவர்களைத் தடை செய்தது. டிரைவரைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கட்சி மாறிவிட்டேன் என்பதற்காக இதையெல்லாம் மறைக்க மாட்டேன்.

ஆனால் பச்சைப் பக்கத்துக் கணக்கையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் அல்லவா? 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970-இன் பெட்டியில் 4 ஜிபி என்று போட்டிருந்தது. அதில் கடைசி அரை ஜிபி மட்டும் மந்தமாக ஓடும் என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டு, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் என்று 2016-இல் சமரசமானது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டை அறிவித்தார்கள். உள்ளே இருந்த சிப்பே வேறு. வாங்குகிறவர்கள் போட்ட சத்தத்தில் 12 ஜிபி கார்டை வெளிவரும் முன்பே வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி, 100 டாலர் குறைத்து விற்றார்கள். இந்தக் கதைகளை எந்தக் கவுன்டரிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் கோபமும் இல்லை, சிவப்பின் மேல் புதுக் காதலும் இல்லை. அது என் சித்தப்பா பையன் கதை. அவனும் 2017-இல்தான் 1060 வாங்கினான், என் பேச்சைக் கேட்டு. நான் கூடப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து அவன் வீட்டில் உட்கார்ந்து ஆடும்போதுதான் கவனித்தேன், அது 3 ஜிபி. நினைவகம் பாதி என்பதோடு போகவில்லை. 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), இதில் 1152. பெயர் மட்டும் ஒன்று. பில்லை எடுத்துப் பார்த்தால் 'ஜிடிஎக்ஸ் 1060 - 1' என்று மட்டும் இருந்தது. கடைக்குப் போய்க் கேட்டோம். "தம்பி 1060 கேட்டாரு, 1060 கொடுத்தோம்" என்றார்கள். எந்த நீதிமன்றத்தில் சொன்னாலும் செல்லும் பதில். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குழப்பத்தை உண்டாக்கியது நீங்கள் இல்லை. பெயர் வைக்கிறவர்கள். இன்றைக்கும் அதே விளையாட்டுத்தான்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்றால் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படியே. திட்டிக்கொண்டே சிவப்புக்குப் போனவனை அங்கேயும் அதே பொறி வரவேற்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சுருக்கி விலைப் பலகையில் எழுதுவது உங்கள் கை.

நினைவகம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு உங்கள் கடையைத்தான் உதாரணம் காட்டுகிறேன். கவுன்டருக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கும் சாமானை நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். அலமாரி நிறைந்துவிட்டால் மிச்சம் மாடி குடோனில். கேட்கும்போதெல்லாம் பையன் படியேறி இறங்க வேண்டும், வாடிக்கையாளர் நிற்க வேண்டும். கார்டின் நினைவகம்தான் அந்த அலமாரி. கேமின் படங்கள் அதில் கொள்ளாமல் போனால் கணினியின் ராமுக்கு ஓடி எடுத்து வர வேண்டும். சராசரி எப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகத்தான் காட்டும், ஆனால் நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும்.

அந்த மாடிப்படி எவ்வளவு அகலம் என்பதும் இருக்கிறது. என் மதர்போர்டு பழைய பி450. அதில் இருப்பது பிசிஐஇ 3.0, கார்டைச் செருகும் இணைப்பின் பழைய தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எட்டு லேனில்தான் (தடத்தில்தான்) பேசும். புது போர்டில் அது பெரிய விஷயமில்லை, என் போர்டில் படி குறுகிவிடும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன். அமெரிக்க அறிமுக விலையிலும் 16 ஜிபிக்கு 16 ஜிபி வைத்துப் பார்த்தால் 5060 டிஐ 429 டாலர், 9060 எக்ஸ்டி 349. நம் ஊருக்கு வந்து, 18 சதவீத ஜிஎஸ்டி ஏறி, கடைக்குக் கடை மாறினாலும் நான் விசாரித்த அன்று 9060 எக்ஸ்டிதான் மலிவு. இன்டெல் ஆர்க் பி580-யையும் பார்த்தேன், 12 ஜிபி, 249 டாலருக்கு வந்த கார்டு. பழைய பிராசஸரில் அதன் வேகம் விழுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

கவனித்தீர்களா அண்ணே? இதில் ஒரு இடத்திலும் நிறம் வரவில்லை. நான் முடிவெடுக்க உதவிய எதையும் நீங்கள் கேட்கவில்லை. என்ன மதர்போர்டு, பவர் சப்ளை எத்தனை வாட், மானிட்டர் 1080பியா 1440பியா, என்ன ஆடுவாய்? இதைக் கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் எனக்கு ஏற்ற கார்டை நீங்களே எடுத்து நீட்டியிருப்பீர்கள். ஏஎம்டி பிராசஸர் இருந்தால் ஏஎம்டி கார்டுதான் பொருந்தும் என்று இன்னும் யாராவது சொன்னால், தயவுசெய்து திருத்துங்கள்.

அதே மாதம் என் தங்கைக்கும் ஒரு கார்டு வாங்கினோம். அவள் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறாள். அவளுக்கு என்விடியாதான், பேச்சே இல்லை. என்விடியாவின் ஆப்டிக்ஸ் ரெண்டரிங் (3டி காட்சியைப் படமாக்குவது) வேகத்துக்கு ஏஎம்டி இன்னும் வரவில்லை. அதே கடை, அதே கவுன்டர். "சாருக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணா?" என்று அவர் சிரித்தார். நானும் இழந்தது உண்டு. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கும் பல கேம்களில், அதற்கு ஏஎம்டியின் பதிலான எப்எஸ்ஆர் 4 இன்னும் வரவில்லை. முழு ரே டிரேசிங் (ஒளி நிஜத்தில் விழுவதுபோல் கணக்கிட்டு வரைவது) போட்டால் என் கார்டுக்கு மூச்சு வாங்குகிறது. தெரிந்துதான் வாங்கினேன்.

நிறம் மாறுகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பழைய டிரைவரை, டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் போட்டு, விண்டோஸின் சேஃப் மோடில் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுக் கார்டைச் செருக வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். தெரியாதவர்கள் மறுநாளே வந்து உங்களிடம் "டிரைவர் பிரச்சினை" என்பார்கள், நீங்களும் "அப்பவே சொன்னேனே" என்பீர்கள்.

இன்னொன்று. சிப் செய்கிறவர் வேறு, கார்டு செய்கிறவர் வேறு. ஆசுஸும் ஜிகாபைட்டும் இரண்டு நிறத்திலும் விற்கிறார்கள். கார்டு செத்தால் நாங்கள் தேடி ஓடுவது என்விடியாவையோ ஏஎம்டியையோ இல்லை, அந்தக் கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரை. அது சென்னையில் எங்கே இருக்கிறது, வாரண்டி எத்தனை வருடம் என்று வாங்கும்போதே சொன்னால் நான் கடைக்கு விசுவாசமாக இருப்பேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலைப் பலகையிலும் பில்லிலும் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை ஜிபி என்று எழுதுங்கள். சீரியல் எண்ணையும் சேர்த்து. பேனா மை கூடுதலாக எவ்வளவு போய்விடும்?

அப்புறம், என் பழைய 1060 சும்மாதான் கிடக்கிறது. யாராவது கேட்டால் சொல்லுங்கள். 6 ஜிபி, கிரிப்டோ மைனிங்கில் ஓடியதில்லை. 2025 அக்டோபரோடு இதற்குப் புது கேம் டிரைவர் நின்றுவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரை வரும். இதையும் கைப்படச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்