தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருந்துக்கு அடங்காத கிருமித்தொற்றைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்

பெறுநர்:
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்கள்,
கீழ்ப்பாக்கம், சென்னை – 600 010.

பொருள்: வென்டிலேட்டர் படுக்கைகளுக்கு இரவுநேரச் செவிலியர்களும் தனி உபகரணங்களும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். தலையில் அடிபட்டோ பக்கவாதத்தாலோ வென்டிலேட்டரில் வைக்கப்பட்டு, வந்த நோய் தேறிவரும் வேளையில் நுரையீரல் தொற்றால் இறந்துபோகும் நோயாளிகளின் பொருட்டு இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

இத்தகைய தொற்றுகளுக்கு முக்கியக் காரணமான கிருமிகளுள் ஒன்று அசினெட்டோபாக்டர் பௌமானி. நல்ல உடல்நிலையில் உள்ளவரின் கையில் ஒட்டினால் இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால், தொண்டையில் குழாய் செருகப்பட்டு, இருமிச் சளியை வெளியேற்ற இயலாமல் கிடப்பவருக்கு அந்தக் குழாயே கிருமி நுரையீரலுக்குள் இறங்கும் வழியாகிவிடுகிறது. குழாயின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலம் கட்டி அதனுள் தங்கிவிடுவதால் மருந்தும் அதை எளிதில் எட்டுவதில்லை. கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான் போன்ற உலர்ந்த இடங்களில்கூட இது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கார்பபெனெம் எனும் வீரியமிக்க நுண்ணுயிர்க்கொல்லி வகை மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டரை உலக சுகாதார நிறுவனம் 2017, 2024 ஆகிய இரு ஆண்டுப் பட்டியல்களிலும் உச்ச முன்னுரிமைப் பிரிவில் வைத்துள்ளது. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) அறிக்கையில், கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெம் உட்பட வரிசையாக ‘ஆர்’ (மருந்துக்கு அடங்காது) என்றே வந்து, கொலிஸ்டின் போன்ற ஓரிரு மருந்துகளே மிஞ்சும்போது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்று தெரிந்தே கொலிஸ்டினைச் செலுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு இக்கிருமியைக் கொண்டுசெல்வதில் எங்கள் கைகளுக்கே பெரும்பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், நள்ளிரவில் ஒரே செவிலியர் பல வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு மாறிமாறிச் சளி உறிஞ்ச ஓடும் நிலையில், கைகழுவச் சொல்லும் சுவரொட்டி கைகழுவ நேரம் தந்துவிடாது. தொற்று வந்தபின் பணியில் இருந்தவரிடம் விளக்கம் கேட்பதாலும் கிருமி குறைந்துவிடாது.

எனவே, வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற நெறியை இரவுப் பணியிலும் நடைமுறைப்படுத்தவும், ஒவ்வொரு படுக்கைக்கும் தனி ஸ்டெதஸ்கோப், உறிஞ்சுகுழாய், கைசுத்திகரிப்புத் திரவம் ஆகியவற்றைத் தட்டுப்பாடின்றி வழங்கவும், இக்கிருமி கண்டறியப்பட்ட நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கத் தனி இடம் ஒதுக்கவும், கல்ச்சர் முடிவு ஆய்வகத்திலிருந்து வார்டுக்குத் தாமதமின்றித் தெரிவிக்கப்படவும் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)