முப்பது யூனிட் வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

இலங்கையை ஆளும் தேசிய மக்கள் சக்தியின் 159 பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் சின்னம்மா வீட்டில் இரண்டு பல்பு, ஒரு ஃபேன். மாதம் 30 யூனிட்டைத் தாண்டாது. 2023 பெப்ரவரி வரை யூனிட்டுக்கு 8 ரூபாய், நிலையான கட்டணம் 120, ஆக 360 ரூபாய். அந்த மாதம் யூனிட் 30 ரூபாயானது, நிலையான கட்டணம் 400 ஆனது. கரண்ட் பில் 1300 ரூபாய். அதற்குப் பிறகு பேரப்பிள்ளை வந்தால் மட்டும்தான் ஃபேன் சுற்றும். பில்லை மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். 2024 செப்டம்பர் 21 அன்று ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போடப் போனபோது அவர் மனதில் இருந்தது அந்தத் துண்டுதான்.

அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 நெருக்கடியின் பெட்ரோல் வரிசையும் காஸ் வரிசையும் அவர் காலத்தில்தான் ஒழிந்தன. 2022 செப்டம்பரில் 70 வீதத்தை நெருங்கிய பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அப்படியிருந்தும் அவருக்குக் கிடைத்தது 17 வீத வாக்கு. சனத்துக்கு நன்றியில்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் இது, கஷ்டப்பட மறுத்த சனம் இல்லை.

பாரத்தை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குள் வற் எனும் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 18 ஆனது, சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்து. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு, தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியில் கை வைத்தார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார்களோ என்னவோ. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, காசில்லை என்று தள்ளிப்போட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்களிடம் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிவிட்டு, எங்கள் கருத்தைக் கேட்க மட்டும் காசில்லையா?

2019-இல் 3 வீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க 42 வீதத்தோடு ஜனாதிபதியானது இப்படித்தான். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டமே ஆறில் மூன்று ஆசனத்தை உங்களுக்குத் தந்தது. சரி, அப்புறம் என்ன ஆனது? சர்வதேச நாணய நிதியத்தோடு ரணில் செய்த அதே கடன் உடன்படிக்கை, அதே 18 வீத வற். மின்கட்டணம் 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, உண்மை. ஜூனில் 15 வீதம் திரும்ப ஏறியது. இடையில், மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் நவம்பரில் நீங்கள் வாங்கிய 61 வீத வாக்கு 43 ஆகியிருந்தது.

உடன்படிக்கையைக் கிழித்தெறியச் சொல்லி நான் எழுதவில்லை. அடுத்த முறை கட்டணத் திருத்தம் பேச உட்காரும்போது 30 யூனிட் வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்கி, மேலே போங்கள். இன்னொன்று, வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. எப்போது என்று ஒரு திகதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்