விலைக்கு வாங்கிய இணைப்புகளால் எங்கள் வலைத்தளத்துக்கு நேர்ந்த பாதிப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், பூசைப் பொருள் கடை,
லிட்டில் இந்தியா, ஜோர்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
நிர்வாக மேலாளர், இணையச் சந்தைப்படுத்தல் நிறுவனம்,
கோலாலம்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பித்தளை விளக்கு, பால்குடம், காவடிச் சாமான்கள் விற்கும் எங்கள் கடையின் வலைத்தளத்தைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் பணியை ஓராண்டு ஒப்பந்தத்தில் தங்களிடம் ஒப்படைத்து, மாதக் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தி வந்தோம். இப்போது, பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்தைச் சுட்டும் இயல்புக்கு மாறான இணைப்புகள் இருப்பதாக, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் சேவையில் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர் ஆய்ந்து விதிக்கும் தண்டனை) அறிவிப்பு வந்துள்ளது. அவை தாங்கள் விலைக்கு வாங்கிய இணைப்புகள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களே எங்கள் வியாபாரத்தின் உயிர்நாடி. அந்த வேளையில், பினாங்கில் பால்குடம் தேடியவர்களின் கண்ணில் எங்கள் கடை படவே இல்லை.

கன்சோலில் இருந்த இணைப்புப் பட்டியலைப் பதிவிறக்கித் திறந்து பார்த்தோம். ஒரு பக்கத்தில் இணையச் சூதாட்ட விளம்பரத்துக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவே 'மலிவான பித்தளை விளக்கு பினாங்கு' என்ற சொற்களில் எங்கள் இணைப்பு செருகப்பட்டிருந்தது. அதே சொற்கள், ஓர் எழுத்தும் மாறாமல், கார் உதிரிபாகப் பக்கத்திலும் இருந்தன. பூசைப் பொருள் விற்கும் கடையின் பெயர் சூதாட்டப் பக்கத்தில் ஏறியது, பண நட்டத்தை விடப் பெரிய வேதனையாக இருக்கிறது.

இணைப்புகளின் எண்ணிக்கைதான் தரவரிசையைத் தீர்மானிக்கும், கட்டுரைகள் வெறும் அலங்காரம் என்று தங்கள் அலுவலர் விளக்கமளித்தார். இணைப்புக்கு மதிப்புண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை; கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறையே, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டுவதை நற்சான்றாகக் கொண்டு எழுந்ததுதான். ஆனால், விலைக்கு வாங்கிய சான்று செல்லக்கூடாது என்பதற்காகவே 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. பணம் கொடுத்துப் பெறும் இணைப்புக்கு அதைத் தரவரிசைக்கு நற்சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று காட்டும் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி இட வேண்டும் என்பதும் கூகுள் வெளிப்படையாக அறிவித்துள்ள விதி. நாங்கள் பார்த்த எந்த இணைப்பிலும் அக்குறி இல்லை.

எங்களுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தவை என் தாயார் சொல்லச் சொல்ல எழுதிய பக்கங்களே: களிம்பேறிய குத்துவிளக்கைப் புளியால் எப்படித் துலக்குவது, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் சிறுவர்கள் சுமந்து ஏற எந்த அளவுப் பால்குடம் ஏற்றது என்பன போன்றவை. கோயில் இளைஞர் குழுவினர் நாங்கள் கேட்காமலேயே தம் தளத்திலிருந்து அவற்றுக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். தளத்தின் வேகம் கூடும் என்று சொல்லி அப்பக்கங்களை எங்களிடம் கேளாமலே நீக்கிவிட்டீர்கள். இன்று அந்த உண்மையான இணைப்புகளைச் சொடுக்குபவருக்குப் பக்கம் இல்லை என்ற செய்தியே கிடைக்கிறது. நல்ல உள்ளடக்கம் இருந்ததால் தானாக வந்த இணைப்பை அழித்துவிட்டு, அதற்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்கியதை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, தாங்கள் வாங்கிய எல்லா இணைப்புகளின் முழுப் பட்டியலையும் 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாக அளிக்க வேண்டும்; அவற்றை அந்தந்தத் தளங்களிலிருந்து நீக்கச் செய்து, நீக்க இயலாதவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தெரிவிக்கும் கூகுளின் டிஸவாவ் கருவி வழியாகத் தள்ளிவைக்கக் கோப்புத் தயாரித்துத் தர வேண்டும். தண்டனையை நீக்கக் கோரிக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனை விண்ணப்பத்தில் நடந்ததை உள்ளபடி கூற அப்பட்டியல் எங்களுக்கு இன்றியமையாதது. நீக்கிய பக்கங்களைப் பழைய முகவரிகளிலேயே மீட்டுத் தருவதோடு, இணைப்புப் பணிக்கென வசூலித்த தொகை முழுவதையும் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். ஒப்பந்த நகலும் கன்சோல் அறிவிப்பின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்