அத்தைக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் வந்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போதே தெருவிளக்கு எரிகிறது.

போனில் நீங்கள் அழுததால் எதையும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. பெரியப்பா இறந்த பிறகும் அவர் வீட்டிலேயே இருக்கும் சேகர் அத்தானை, நீங்கள் நினைப்பதுபோல் நான் தெருவில் நிறுத்தவில்லை. பலவந்தமாக வெளியேற்ற இந்த நாட்டில் வழியும் இல்லை. நோட்டீஸ், கோர்ட் என்று முறையாகத்தான் போக வேண்டும் என்கிறார் வக்கீல். அந்த அளவுக்குப் போக எனக்கு மனசில்லை.

பெரியப்பா உயிலில் வீட்டை அத்தானுக்கும் எனக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் சமமாக எழுதியிருக்கிறார். நிறைவேற்றும் பொறுப்பு என் தலையில். "வீடு உனக்குத்தான்னு மாமா என்கிட்டச் சொன்னார்" என்கிறார் அத்தான். சொல்லியும் இருக்கலாம். கடைசி வரை பெரியப்பாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டியது அவர்தானே. அதனால்தான் வாடகைப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன். பெரியப்பாதான் தன் செலவைப் பார்த்துப் பராமரித்தார் என்று அத்தானால் காட்ட முடிந்தால், இங்குள்ள 1975ஆம் வருஷ வாரிசுரிமைச் சட்டப்படி புரொபேட் (உயிலை நிறைவேற்றக் கோர்ட் தரும் அங்கீகாரம்) கிடைத்த 6 மாதத்துக்குள் கூடுதல் பங்கு கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அதை அவருக்குச் சொன்னதே நான்தான்!

ஆனால் செலவைப் பாருங்கள். வீடு காலியாக இருந்தால் புரொபேட் வரும்வரை கவுன்சில் டாக்ஸ், அதாவது ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது. அத்தான் இருப்பதால் வருகிறது. தனி ஆளுக்கு 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதற்கும் எழுதிப் போடவில்லை. ஹீட்டர் ராப்பகலாக ஓடுகிறது. கேஸ் பில்லெல்லாம் வாசல் மிதியடி மேல் பிரிக்காமலே கிடக்கிறது. வீட்டை மதிப்புப் போட வந்தவரையும் கதவைத் திறக்காமல் அனுப்பிவிட்டார். பெரியப்பா கல்யாணமே செய்துகொள்ளாதவர், அதனால் கூடுதல் வரிச் சலுகை எதுவும் இல்லை. சொத்தில் 3,25,000 பவுண்டுக்கு மேல் போவதற்கு 40 சதவீதம் வரி. மதிப்பு தெரியாமல் வரிக் கணக்கு கொடுக்க முடியாது, அது போகாமல் புரொபேட்டும் வராது. பெரியப்பா இறந்த மாதம் முடிந்து 6 மாதம் தாண்டினால் வரிக்கு வட்டி ஏறும். அது அத்தான் பங்கிலும்தான் கழியும்.

சரி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விற்கும்வரை இருக்கலாம், கரண்ட், கேஸ், கவுன்சில் டாக்ஸ் அவர் கட்ட வேண்டும், பார்க்க வருகிறவர்களை உள்ளே விட வேண்டும், விலை முடிந்ததும் காலி செய்ய வேண்டும். அவரே வாங்குவதானால் எங்கள் இருவர் பங்குக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும், வேறு யாருக்கும் காட்டமாட்டோம்.

தாள் சமையலறை மேஜையில் பெரியப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. நான் சொன்னால் கோபம் வருகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மதிப்பீட்டாளர் வியாழக்கிழமை மறுபடி வருகிறார், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
வசந்தி