'ஆட்டோ பஞ்ச்' கருவியை மாணவர்களே செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி.ஐ. சேர்க்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோ, சி.என்.சி. (கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் இயந்திரம்) என்று புதுப் பாடங்கள் வருவதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபிட்டர் பிரிவில் சேருகிற பையனோ பெண்ணோ இன்றைக்கும் அரத்தையும் சுத்தியலையும் பிடித்துத்தான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் செய்து பழகும் பொருள்களில் ஒன்றையாவது மாற்றலாமே என்று எனக்கு ஒரு யோசனை. கணபதியில் சின்னதாக ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு பேஸ் பிளேட், ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு), பிராக்கெட், இந்த மாதிரி வேலைகள். நானும் ஃபிட்டர் படித்து வந்தவன்தான்.

ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்கு 'மேல், ஃபீமேல் ஃபிட்டிங்' என்றால் தெரியும். ஒரு தகட்டில் சதுரமாகவோ முக்கோணமாகவோ பள்ளம் வெட்டி, இன்னொரு துண்டை அரம் போட்டு அதற்குள் வெளிச்சம் தெரியாமல் பொருத்த வேண்டும். கை பழகுவதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பேன். ஆனால் மதிப்பெண் போட்டு முடித்ததும் அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன? ஸ்கிராப் பெட்டிக்கு. செய்தவனே அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுவதில்லை. எதற்குப் பயன்படும்?

அதற்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தன் கையாலேயே செய்யட்டும் என்பதுதான் என் கோரிக்கை. சுத்தியல் இல்லாமல், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் விசையால் தானே அடித்து, இரும்பில் துளை போட வேண்டிய இடத்தில் புள்ளிக் குழி வைக்கும் பஞ்ச். பட்டறையில் சுருக்கமாக ஆட்டோ பஞ்ச் என்போம். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஐந்து அங்குல நீளம் இருக்கும். கார் தண்ணீருக்குள் விழுந்தால் கண்ணாடியை உடைக்கும் கருவி என்று இதையே இப்போது ஆன்லைனில் விற்கிறார்கள். பக்கவாட்டுக் கண்ணாடி டெம்பர் செய்தது என்றால் உடையும். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அதில் குழி விழும், அவ்வளவுதான். அது வேறு கதை. இது பிறந்தது இரும்பில் புள்ளி வைக்க.

புள்ளி வைப்பதில் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். டிரில் பிட்டின் நுனியைப் பாருங்கள். ஊசி மாதிரி கூர்மையாக இருக்காது. நடுவே உளி போல ஒரு சின்னக் கோடு இருக்கும். வழவழப்பான தகட்டில் வைத்துச் சுற்றினால் அது அந்த இடத்திலேயே நிற்காது, ஓடும். ஓடாமல் இருக்க ஒரு குழி வேண்டும். அந்தக் குழியைத் தருவது சென்டர் பஞ்ச், முனை 90 டிகிரி. அதற்கு முன் கோடுகள் வெட்டும் இடத்தை லேசாகக் குறிக்க 60 டிகிரி முனையுள்ள டாட் பஞ்ச். இதை முதல் வருடத் தேர்விலேயே கேட்பார்கள்.

எங்கள் பட்டறையில் அடிக்கடி வரும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு அங்குலக் குழாய்க்கான ஃபிளாஞ்ச். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் மேல் நான்கு துளை, ஒவ்வொன்றும் 18 மில்லி, அதில் 16 மில்லி போல்ட் போகும். இரண்டு மில்லி இடைவெளி இருக்கிறதே, தாராளம்தானே என்று தோன்றும். ஒரு ஃபிளாஞ்சில் துளை ஒரு மில்லி இந்தப் பக்கமும், எதிர் ஃபிளாஞ்சில் ஒரு மில்லி அந்தப் பக்கமும் தள்ளிப்போனால் அந்தத் தாராளம் முழுக்கத் தீர்ந்துவிடும். போல்ட்டைச் சுத்தியலால்தான் இறக்க வேண்டும். அதனால் நான்கு புள்ளியும் லேசாக வைத்த பிறகு டிவைடரை (இரண்டு கூர்க் கால் உள்ள கவராயம்) 88.4 மில்லிக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே வர வேண்டிய தூரத்துக்கு வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஆழமாக அடிக்கச் சொல்வேன். தள்ளியிருந்தால் இந்த நிலையில் திருத்திவிடலாம்: பஞ்சைச் சரியான பக்கம் நோக்கிச் சாய்த்து ஒரு தட்டு, பிறகு நிமிர்த்தி ஒரு அடி. டிரில் இறங்கிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

இந்த இடத்தில்தான் ஆட்டோ பஞ்சின் அருமை தெரியும். சுத்தியலோடு அடிக்கும்போது ஒரு கை பஞ்சைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை சுத்தியலை ஓங்க வேண்டும், கண்ணோ இரண்டுக்கும் நடுவே அலையும். அடித்த அதிர்ச்சியில் பஞ்ச் எகிறி இன்னொரு முறை விழுந்தால் இரட்டைப் புள்ளி. ஆட்டோ பஞ்சில் ஒரே கை போதும். முனையைக் கோட்டின் மேல் லேசாக இழுத்துக்கொண்டே போனால் குறுக்குக் கோடு வரும் இடத்தில் அது தட்டி நிற்பது விரலுக்கே தெரியும். நிமிர்த்தி அழுத்த வேண்டியதுதான், 'டக்'. ஒவ்வொரு அடியும் ஒரே அளவு. எங்களிடம் மார்க்கிங் பார்க்கும் அக்காவுக்கு இடது மணிக்கட்டில் பழைய அடி. பஞ்சை இறுக்கிப் பிடித்தால் வலிக்கும். இதைக் கையில் கொடுத்த அன்று, "ஏனுங்க, சுத்தி இல்லாமயே அடிக்குதுங்களே!" என்று இரண்டு மூன்று துண்டுத் தகட்டைப் புள்ளியாலேயே நிரப்பிவிட்டார். இப்போது அதை வேறு யாரும் தொட விடுவதில்லை.

சரி, இதை ஏன் மாணவர்கள் செய்ய வேண்டும்? உள்ளே இருக்கும் வேலைப்பாட்டுக்காக.

மொத்தம் ஆறேழு உறுப்புதான். வெளியே ஒரு குழாய் போன்ற உடல். மேலே திருகும் மூடி. மூடிக்குக் கீழே வலுவான பெரிய ஸ்பிரிங். அதற்குக் கீழே ஒரு உருளை, இதுதான் உள்ளே இருக்கும் சுத்தியல். அதன் அடி முகத்தின் நடுவில் ஒரு துளை. அதற்கும் கீழே மெல்லிய ஒரு தண்டு, தோள் வைத்தது, அதாவது ஓரிடத்தில் படி போலத் தடித்தது. தண்டின் கீழ் முனை பஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டைச் சுற்றிச் சின்னதாக இன்னொரு ஸ்பிரிங்.

தந்திரம் எல்லாம் அந்தத் தண்டில்தான். சும்மா இருக்கும்போது அது நேராக நிற்பதில்லை. சின்ன ஸ்பிரிங் அதைக் கொஞ்சம் சாய்த்தே வைத்திருக்கும். அதனால் தண்டின் மேல் நுனி, சுத்தியலின் துளைக்குள் போகாமல் துளையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். நாம் பஞ்சை இரும்பில் வைத்து அழுத்தினால் தண்டு மேலே ஏறுகிறது, சுத்தியலையும் தள்ளிக்கொண்டு ஏறுகிறது, பெரிய ஸ்பிரிங் சுருங்குகிறது. நம் கையின் உழைப்பு அப்படியே அதில் சேருகிறது. உடலின் உட்துளை ஓரிடத்தில் சரிவாகக் குறுகும். தண்டின் தோள் அந்தச் சரிவில் போய் உரசியதும், சாய்ந்திருந்த தண்டு வேறு வழியில்லாமல் நடுவுக்கு வந்து நிமிர்கிறது. நிமிர்ந்த கணமே நுனிக்கு நேராகத் துளை. இதுவரை முட்டுக் கொடுத்த தண்டு துளைக்குள் புகுந்துவிட, தாங்குவதற்கு ஆளில்லாத சுத்தியல் ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு இறங்கித் தண்டின் தோளில் மோதுகிறது. அந்த அடி பஞ்ச் வழியாக இரும்புக்குப் போகிறது. கையை எடுத்ததும் சின்ன ஸ்பிரிங் தண்டை வெளியே இழுத்து மறுபடி சாய்த்து வைக்கும். அடுத்த அடிக்குத் தயார். மேல் மூடியைத் திருகி இறக்கினால் பெரிய ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் இறுகும், அடி பலமாகும்; தளர்த்தினால் லேசாகும். அலுமினியத்துக்கு ஒரு மாதிரி, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) தகட்டுக்கு ஒரு மாதிரி.

பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. ஒரு கோணல் தண்டும் ஒரு சரிவும் செய்யும் வேலை இது. ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் என்று கரும்பலகையில் சூத்திரம் எழுதிப் போடுவதைவிட, மூடியை ஒரு சுற்று திருகிவிட்டு 'இப்போது அடி, குழி எவ்வளவு பெரிதாகிறது பார்' என்று காட்டினால் பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

செய்வதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஃபிட்டர் பாடத்திலேயே லேத்து வேலையும் கொஞ்சம் வருகிறது. உடலைக் கடைந்து துளை போட வேண்டும். உள்ளே தேவையான சரிவை டிரில் முனையின் கோணமே கொடுத்துவிடும். மூடிக்கு மரை வெட்ட வேண்டும், கை வழுக்காமல் இருக்க நர்லிங் போட வேண்டும். சுத்தியலும் தண்டும் பஞ்ச் முனையும் சில்வர் ஸ்டீல் என்ற கருவி எஃகில் கடைந்து, ஹார்டனிங் (காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவது), டெம்பரிங் (நொறுங்காதபடி மறுபடி லேசாகக் காய்ச்சுவது) செய்ய வேண்டும். முனையைச் சாணை பிடிக்க வேண்டும். அதாவது டர்னிங், டிரில்லிங், மரை, வெப்பப் பதனம், சாணை எல்லாமே ஒரு கைப்பிடிப் பொருளுக்குள் வந்துவிடுகின்றன. ஸ்பிரிங் இரண்டையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

முக்கியமான இன்னொன்று: இது பொய் சொல்லாது. மேல், ஃபீமேல் துண்டில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் ஆசிரியரைப் பார்த்து அசடு வழியச் சிரித்துச் சமாளிக்கலாம். ஆட்டோ பஞ்சில் துளையின் விளிம்பு மழுங்கியிருந்தால் தண்டு முன்னதாகவே வழுக்கிவிடும், அடி சொத்தையாக விழும். தண்டின் நுனி கொஞ்சம் தடித்துப்போனால் துளைக்குள் புகாது, எவ்வளவு அழுத்தினாலும் அடிக்காது. முனையைச் சாணை பிடிக்கும்போது தண்ணீரில் தோய்க்காமல் நீலம் பாய விட்டால் டெம்பர் போய், நான்கைந்து அடியில் முனை நசுங்கிவிடும். எங்கே தப்பு என்று மாணவனே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டவர் ஜி.டி. நாயுடு; இந்தியாவிலேயே தயாரித்த முதல் மின் மோட்டார் 1937இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து முயன்றதால் இந்த ஊரில்தான் உருவானது. பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கோவைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். 'இதைக் கொடுத்தால் பையன்கள் சுத்தியலே பிடிக்க மாட்டார்கள்' என்று என்னைப் போன்ற வயதுக்காரர்கள் சொல்வார்கள். சுத்தியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெரிய டிரில்லுக்கு ஆழமான குழி வேண்டும் என்றால் ஆட்டோ பஞ்சில் அடையாளம் வைத்துவிட்டு, அதே குழியில் சாதா பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒன்று போடத்தான் வேண்டும். மேல் தோல் முரடாக இருக்கும் வார்ப்பு இரும்பிலும் அப்படித்தான். பேரிங் ரேஸ் (பேரிங்கின் குண்டுகள் ஓடும் வளையம்) போல ஹார்டன் செய்த பொருளில் எந்தப் பஞ்சையும் வைக்கக் கூடாது, முனை தெறிக்கும். ஆனால் கீழே குனிந்து பார்த்துக் குறிக்க வேண்டிய ஃபிரேம், ஏணி மேல் நின்று குறிக்க வேண்டிய ஆங்கிள், இங்கெல்லாம் ஒற்றைக் கையால் முடிகிற வேலைக்கு இரண்டு கையைச் செலவழிப்பது வீரம் ஆகாது. இன்னொன்றும் சொல்கிறேன். நம் பட்டறைகளில் கிடக்கும் சாதாப் பஞ்சுகளின் தலையைப் பாருங்கள். அடிவாங்கி அடிவாங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கும். அந்த விளிம்பு பிய்ந்து கண்ணுக்குத்தான் பறக்கும். அதைச் சாணை பிடித்துச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

வாங்கினால் போகிறது, எதற்குச் செய்வது என்றும் கேட்கலாம். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. அமெரிக்காவில் அத்தோல் என்ற சிற்றூரில் 1880இல் தொடங்கிய ஸ்டாரெட் நிறுவனத்தின் பஞ்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது. விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். மலிவானதில் நல்லதும் உண்டு, வாங்கிய வாரமே முனை மழுங்குவதும் உண்டு. கடையில் வாங்குபவர்கள் ஒரு எம்.எஸ். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வரிசையாகப் பத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள். எல்லாக் குழியும் ஒரே அளவாக இருந்து, முனையும் மழுங்காமல் இருந்தால் வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடை.

அதே சோதனையை மாணவர்களின் தேர்வுக்கும் வைக்கலாம். ஒரு எம்.எஸ். தகடு, அதில் மாணவன் செய்த பஞ்சால் பத்துப் புள்ளி. குழிகளின் விட்டத்தை ஆசிரியர் அளந்து, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பார்த்து மதிப்பெண் போடட்டும். கண் மதிப்பும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். பொருளை மாணவனே எடுத்துக்கொண்டு போகட்டும். வேலை கேட்டு என் பட்டறைக்கு வருகிற பையன் சான்றிதழோடு தான் செய்த பஞ்சையும் மேஜை மேல் வைத்தால், நான் முதலில் பஞ்சைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

பயிற்சித் துறை அதிகாரிகள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் ஒரு சின்ன வேண்டுகோள்: முதல் வருடம் ஒரே ஒரு ஐ.டி.ஐ.யில் முயன்று பாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: சின்ன ஸ்பிரிங்கை மாணவர்களையே சுற்றச் சொல்லாதீர்கள். அது கூம்பு வடிவில் இருந்தால்தான் தண்டு சரியாகச் சாயும். கையால் சுற்றினால் ஒன்றுபோல் இன்னொன்று வராது. அதையும் மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை-6.